ரிசர்வில் ஓடிய கார்

தட்டாஞ்சாவடி ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் செம்மல், காரின் பின்சீட்டைப் பிடித்துத் தூக்கியபோது கன்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சினன் இராமதாஸ் கடைசியாகப் படுத்திருந்த சீட்டு அது. அதற்கு அடியில்தான் இன்ஜினுக்குப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பியூவல் பம்ப் இருக்கிறது என்பதே இத்தனை வருஷம் ஓட்டியவருக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் மரக்காணத்தில் மச்சினனுக்குக் காரியம். கார் இல்லாமல் முடியாது.

அந்தப் பழைய கார் பெட்ரோலில் ஓடியதைவிட பெட்ரோல் வாசனையில் ஓடியதுதான் அதிகம். பாண்டியில் விலை குறைவு என்பதால் தமிழ்நாட்டுக்குள் எங்கே போனாலும் கன்னியப்பன் ஒரு சொட்டுப் போடமாட்டார். காய்ந்த வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, கனகசெட்டிக்குளத்தில் எல்லை தாண்டியதும் இருக்கிற பங்க்கில்தான் நிறுத்துவார். அங்கேயும் கொஞ்சம்தான். டேங்க் நிறைந்தால் வண்டி கனத்துவிடும் என்பது அவர் கொள்கை. ஒருமுறை மாமல்லபுரம் தாண்டி பெட்ரோல் தீர்ந்துபோக, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டாராம். கடல்காற்று உள்ளே புகுந்து எல்லைவரை தள்ளிக்கொண்டு வந்து விட்டதாம். நெல்லித்தோப்பு டீக்கடையில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. காரும் மறுத்துப் பேசியதில்லை.

செம்மல் பம்ப்பை உருவி எடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் உருளை. அடியில் கறுப்பாக மண்டி அப்பியிருந்தது.

"பெட்ரோல்ல முழுகிக் கெடந்தாத்தான் சார் இது சூடேறாம இருக்கும். நீங்க வருஷக்கணக்கா ரிசர்வுலயே ஓட்டிருக்கீங்க. கொஞ்சங் கொஞ்சமா வெந்துருக்கு."

"வண்டி நின்ன அன்னிக்கு டேங்க்ல பெட்ரோல் இருந்துச்சிப்பா."

"இருந்துச்சி. இழுக்கத்தான் ஆளில்ல." செம்மல் சிரித்தான். "இந்த பார்டர்தான் சார் எனக்கு சோறு போடுது. பாண்டிக்காரங்க பாதிப் பேருக்கு இதே வியாதிதான்."

பின்சீட்டில் யார் கிடந்தார் என்று அவனுக்குத் தெரியாது.

அன்று மரக்காணத்தில் இராமதாஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும், 108-க்குப் போன் போடப் போனவர்களைத் தடுத்தது அவருடைய அக்கா, கன்னியப்பனின் மனைவி அமிர்தவல்லிதான். வாசலில் நம்ம கார் நிற்கும்போது ஆம்புலன்ஸ் எதற்கு என்றாள். பாண்டி ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கிளம்பினார்கள். எல்லைப் பலகை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி ரெண்டு இருமல் இருமி நின்றது. மீன் ஏற்றி வந்த வேனை மறித்து இராமதாஸை மாற்றியபோதே அவர் கால்கள் துவண்டு தொங்கின.

புதுப் பம்ப்பைப் பொருத்தியதும் கார் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. இவ்வளவு சுலபமாக அது கிளம்பியது அவருக்குப் பிடிக்கவில்லை. பழையதைச் செம்மல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தான். நெல்லித்தோப்பு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கன்னியப்பன் மனைவியிடம் சொல்ல மூன்று கதைகள் கட்டிவிட்டார். மரக்காணத்து உப்புக்காற்று பம்ப்பை அரித்துவிட்டது. பம்ப்புக்கு ஆயுசே அவ்வளவுதான். மூன்றாவதில் ஒரு எலியும் வந்தது. மூன்றுமே நன்றாகத்தான் இருந்தன.

வீட்டில் துக்கம் கேட்க வந்த குஞ்சம்மாளிடம் அமிர்தவல்லி சொல்லிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் அவள் சொல்வது அதைத்தான்.

"நாந்தாங்க்கா எந் தம்பியக் கொன்னுட்டேன். ஆம்புலன்ஸ் வேணாம்னு இந்த வாயாலதான் சொன்னேன்."

குஞ்சம்மாள் அவள் முதுகைத் தடவினாள். கன்னியப்பன் வாசல்படியிலேயே நின்றார். அமிர்தவல்லி நிமிர்ந்தாள்.

"வண்டி ஆயிடுச்சாங்க?"

"ஆயிடுச்சி."

கவரை அவளே வாங்கிப் பிரித்தாள். பெட்ரோல் வாடை கூடமெல்லாம் பரவியது. பம்ப்பைக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இத்தினியூண்டுதானா?"

எலி வரவில்லை. உப்புக்காற்றும் வரவில்லை. "சூடு தாங்கலியாம்" என்றார்.

"ஏன் சூடாச்சி?"

அவர் வாயைத் திறந்தார். அமிர்தவல்லி அவரைப் பார்த்தபடியே, பச்சைப்பிள்ளை முகத்தைத் துடைக்கிற மாதிரி அந்தக் கறுப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பம்ப்பில் கறுப்பு குறையவில்லை. புடவையில் ஏறிக்கொண்டே இருந்தது.