ஹாலிக் திரும்பிய வழி

மதியம் ஒன்றேகால் மணி. லிஜா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலேயே கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மார்த்தாண்டத்தில் நாங்கள் இருவரும் பாடம் எடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் மதிய இடைவேளை நாற்பது நிமிடம். அந்த நேரத்தில்தான் எங்கள் வலைப்பூவுக்கு வந்த பின்னூட்டங்களைப் படிப்போம். அன்று ஒன்றே ஒன்று வந்திருந்தது. அவளுடைய ஊர்க்காரன் பிபின், பஹ்ரைனில் மீன்பிடி வேலையில் இருப்பவன், எழுதியிருந்தான்.

"கதை சூப்பர் டீச்சரே. ஹாலிக் வந்த வழி எனக்குப் புடிபட்டுது. நெலாவுக்க ஒடிஞ்ச தோளு நம்ம மலையில்லா? எரிபொருள் டேங்கு நம்ம ஊரு தண்ணி டேங்கில்லா? அது ததேயுஸ் மாமாவுக்க கலவாப் பாறையாக்கும்."

மூன்றாவது முறை படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. லிஜாவுக்கு முதல் முறையே விளங்கியிருக்கும். ததேயுஸ் அவளுடைய அப்பா. கலவாப் பாறை, கடலுக்கடியில் கலவா மீன் கூடும், அவர் மட்டுமே அறிந்த இடம்.

'அவுட்டர் லைட்' என்ற ஆங்கில விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் நாங்கள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 2010-இல் அது இருபத்து நாலாவது சீசனில் ஓடிக்கொண்டிருந்தது. சூரியக் குடும்பத்தின் விளிம்பில் ஒரு விளக்குநிலையம், அதைச் சுற்றி வரும் கப்பல்கள். கேப்டனாக இதுவரை நான்கு பேர் நடித்துவிட்டார்கள். தமிழில் இதைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வலைப்பூவைத் தொடங்கினோம். நாற்பத்து மூன்று பேர் கிடைத்தார்கள், பாதிப்பேர் வளைகுடாவில். ஒன்பதாவது சீசனில் வழிகாட்டி ஹாலிக்கின் சிறுகலம் கப்பலிலிருந்து பிரிந்து இருட்டுக்குள் போனது. நடிகர் விலகிவிட்டார், அதன்பின் தொடரில் ஹாலிக்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் இறந்துவிட்டார் என்பது என் கட்சி. அதற்காக நான் எழுதிய நீண்ட கட்டுரைக்கு லிஜா கீழே இரண்டு வரி போட்டாள்: "பொணத்தக் காட்டலல்லா சாரே. காட்டாத வரைக்கும் ஆளு இருக்காரு."

பிறகு அவளே அவரைத் திரும்ப வரவைத்துக் கதை எழுதத் தொடங்கினாள். ஐந்து அத்தியாயம் நன்றாக வந்தது. ஆறாவதில் ஹாலிக் விளக்குநிலையத்துக்கு வந்து சேர்ந்தார். எப்படி வந்தார் என்று இல்லை. கருவி எல்லாம் பழுதான கலம் அது. "இது நம்புகிற மாதிரி இல்லை டீச்சரே, எதைப் பார்த்து வந்தார்?" என்று கேட்டேன். ஒரு வாரம் விடாமல் கேட்டேன். விடை எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு நோக்கம் இல்லை.

அவள் எழுதிக்கொண்டு வந்தாள். இறந்த நிலவின் ஒடிந்த தோளில் விளக்குக் கம்பம் வந்து ஏற வேண்டும். அதே சமயம் எரிபொருள் டேங்கு ஆன்டெனாக் கூட்டத்தைவிட்டு இரண்டு விரற்கடை விலகி நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைகிற ஒரே இடத்தில் ஹாலிக் கலத்தை நிறுத்துகிறார். படித்து அசந்துபோனேன். வீட்டில் அப்பாவும் தம்பி அபினும் பேசிக்கொள்வதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டதுதான் அது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கரையில் தெரியும் இரண்டு ஜோடி அடையாளங்களைக் கோடாகப் பிடித்துக் கடலில் இடம் காண்பதைக் கணியம் என்பார்கள். மலை நிலவானது, கோயில் கோபுரம் கம்பமானது, தென்னந்தோப்பு ஆன்டெனாக்களானது. அளவை மட்டும் அவள் மாற்றவில்லை. மாற்றினால் ஹாலிக் வழி தவறிவிடுவார் என்று தோன்றியதாம். ததேயுஸிடம் ஜி.பி.எஸ். கருவி இருந்தது, ஆனால் அந்தப் பாறையை மட்டும் அவர் அதில் ஏற்றவில்லை. கருவியை இரவல் கேட்பவர்கள் உண்டு. அவரிடம் ஒரு பாறை இருப்பது ஊருக்குத் தெரியும், இடம்தான் தெரியாது. சுசீந்திரத்துக்காரனான எனக்கு வயல் என்றால் வரப்பு. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடலில் ஓர் இடம் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது மற்றவர்களுக்குத் தெரியாத வரைதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அத்தியாயத்தை நீக்கினேன். மின்னஞ்சலில் அது ஏற்கனவே நாற்பத்து மூன்று பேருக்கும் போயிருந்தது. லிஜா பிபினுக்கு எழுதினாள், யாரிடமும் சொல்லிவிடாதே என்று. மறுநாள் பதில் வந்தது.

"அய்யோ டீச்சரே, முந்தாநேத்தே தம்பி ஆபேலுக்கு போனில முழுசும் வாசிச்சிக் காட்டினேனே. நம்ம ஊரு பிள்ள எழுதினதுன்னு பெருமைக்கி."

புதன்கிழமை ததேயுஸ் போனபோது பாறைக்கு நேர் மேலே பிபினின் தம்பி ஆபேலின் வள்ளம் நின்றது. அன்று சாயங்காலம் லிஜா எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. "அப்பா ஒண்ணும் சொல்லேல சாரே" என்று என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு ததேயுஸ் இருந்தார்.

"சாரு இரிங்க. சாய குடிக்கலாம்."

"தப்பு எம்பேரிலதான். நான்தான் போட்டுக் குடைஞ்சு கேட்டேன்" என்றேன்.

அவர் சாயாவைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்து, அதன் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க கதையில உள்ள அந்த ஆளு," என்றார் கடைசியில், "எத்தற நாளு ஒத்தைக்குக் கெடந்தான்?"

"பதினஞ்சு வருசம்."

"கர காணாமலா?"

"காணாமத்தான்."

"அவனுக்கு யாரு கணியம் சொல்லிக் குடுத்தா?"

கதையில் அது இல்லை. நான் அதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் லிஜாவைப் பார்த்தேன். ததேயுஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மக்கா அபினே, வா" என்று மகனைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே இறங்கினார்.

"முன்ன இந்த அடுக்களச் செவருக்க அந்தப் பக்கம் இருந்துதான் பேசுவாங்க" என்றாள் லிஜா. "எந்த மாசம் நீரோட்டம் எப்பிடி, எங்க வல மாட்டும், எல்லாம் கேக்கும். பொம்பளப் பிள்ளைக்கி யாரும் சொல்லித் தரமாட்டாங்கல்லா. எனக்குக் கடலுன்னா அந்தச் செவருதான். இப்ப கடப்பொறத்துக்குப் போயிருதாங்க. நான் குடிக்க வெள்ளம் கொண்டு போனா பேச்சு நிக்கும்."

"அப்ப இனி எழுதலியா?"

அவள் ஜன்னலுக்குப் போனாள். நானும் போய் நின்றேன். நூறடி தள்ளி, கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சொல்லும் இங்கே வரவில்லை. ததேயுஸ் இடது உள்ளங்கையை மலைபோல நிமிர்த்திப் பிடித்திருந்தார். வலக்கையின் ஒற்றை விரல் அதன் பின்னாலிருந்து மெல்ல நகர்ந்து வந்து பெருவிரல் பள்ளத்தில் நின்றது.

"பாத்தியளா சாரே" என்றாள் லிஜா மிகத் தணிந்த குரலில். "இது வேற. இது அந்தப் பாறை இல்ல."

அவள் தன் இடது கையை ஜன்னல் கம்பிக்கு எதிரே அதேபோல் நிமிர்த்தினாள். வெயில் ஏறியதாலோ வேறு எதனாலோ ததேயுஸ் சற்று நகர்ந்து ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். இப்போது அவர் கைகளுக்குப் பின்னால் கடல் முழுவதும் பளபளத்தது. விரல்கள் ஒவ்வொன்றும் கறுப்பாகத் தனித்தனியே தெரிந்தன.