விரிப்பின் நடுவே

என் அப்பா பால்பாண்டி வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடப்பார். சமையலறைக்கும் அப்படித்தான், கட்டில் விளிம்பு வரைக்கும் அப்படித்தான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். யாராவது கேட்டால் ‘ஷாக் அடிச்சிரும்’ என்பார். கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். சாமிக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு இருந்தது, வீட்டைப் பெருக்குகிறவள் அவள்தானே.

உண்மைக் காரணம் வேறு. பரவைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் போக மேல்சாதிக்காரர்கள் தெருவைத் தாண்ட வேண்டும். தெருமுனை வந்ததும் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சாக்கடையை ஒட்டி ஓரமாகப் போவார்கள். எனக்கு ஏழு வயதில் அப்பா சிவப்புச் செருப்பு வாங்கித் தந்தார். கழற்ற மாட்டேன் என்று முனையிலேயே நின்றுவிட்டேன். வாசல்களில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என் கன்னத்தில் ஓங்கி அடித்தார். பிறகு அவரே குனிந்து என் செருப்பைக் கழற்றினார்.

அந்த வருடமே ஊரை விட்டு டவுனுக்கு, பழங்காநத்தத்துக்குக் குடிவந்துவிட்டோம். அதன்பின் அவர் செருப்பைக் கழற்றுவது குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான். அந்த அடியைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேச வராததால் ஆடினேன். பெங்களூரில் நவீன நடனம் படித்தவள் நான். அது நடனம்தானா என்பதிலேயே அப்பாவுக்குச் சந்தேகம். ‘சலங்கை இல்ல, பாட்டு இல்ல. கீழ விழுந்து எந்திரிக்கிறதுக்கு எதுக்குத்தா பெங்களூரு?’ என்பார். ஆனால் இந்த ஆட்டத்தை மட்டும் அவர் பார்த்தாக வேண்டும். ஓரமாக நடக்கும் ஒரு சிறுமி, சிவப்புச் செருப்பு, கன்னத்தில் ஓர் அடி. பார்த்துவிட்டு அவர் ஏதாவது சொல்ல வேண்டும். திட்டினாலும் சரி.

கோரிப்பாளையத்தில் ஒரு மாடி அரங்கைப் பிடித்தோம். விளக்குப் பொறுப்பு நண்பன் ஜெய்சனுக்கு. தரையில் போட வெள்ளை விரிப்பு வாடகைக்கு வந்தது. மண் பட்டால் அழுக்காகும், வழுக்கவும் செய்யும். அதனால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவும் என்று வாசலில் ஓர் அட்டை மாட்டச் சொன்னேன். செருப்பைக் கழற்ற வைத்ததைப் பற்றி ஓர் ஆட்டம், அதைப் பார்க்கச் செருப்பைக் கழற்ற வேண்டும். எனக்கு இது உறைக்கவே இல்லை. ஜெய்சனுக்கும் உறைக்கவில்லை. நல்ல கொட்டை எழுத்தில் எழுதினான்.

சனிக்கிழமை மாலை. விரிப்பைச் சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஆட்டத்துக்கென்று என் அளவில் வாங்கிய சிவப்புச் செருப்பைக் கையில் பிடித்தபடி விரிப்பின் நடுவில் நின்றேன். அப்பா படியேறி வந்தார். அட்டையைப் படித்தார். அப்படியே நின்றார்.

‘அங்கிள், விரிப்பு வீணாயிரும்னுதான்...’ என்றான் ஜெய்சன்.

‘எதுக்காகவும் இருக்கட்டும் தம்பி. நான் கழட்ட மாட்டேன். வாரேன்.’

அவர் படியிறங்கத் திரும்பினார். நான் சிவப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு வெள்ளை விரிப்பின் மேலேயே ஓடினேன். ஜெய்சன் கண்ணை மூடிக்கொண்டான்.

‘அப்பா, போட்டுக்கிட்டே வாங்க.’

‘எழுதிப் போட்டிருக்கே.’

‘எழுதச் சொன்னது நான்தான். புத்தியில்லாம சொல்லிட்டேன்.’ அட்டையைப் பிய்த்து ஜெய்சன் கையில் கொடுத்தேன்.

அப்பா உள்ளே வந்தார். எதிர்ப்பக்கம் அவருக்கு இடம் போட்டிருந்தது. விரிப்பை மிதிக்காமல், உட்கார்ந்திருந்தவர்களின் முதுகுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, தோளை ஒடுக்கிக்கொண்டு நடந்தார். காலில் செருப்பு இருந்தது. நடை மட்டும் அந்தத் தெருவிலேயே இருந்தது. நான் விரிப்பின் நடுவுக்குப் போய் நின்றேன்.

‘அப்பா, நடுவுல வாங்க.’

‘வெள்ளையா இருக்குத்தா. மண்ணாயிரும்.’

‘ஆகட்டும்.’

தயங்கி ஒரு கால் வைத்தார். பிறகு மறுகால். நடுவுக்கு வந்ததும் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். இதுவும் ஆட்டம்தான் என்று நினைத்து முன்வரிசைக்காரர் ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். ஜெய்சன் ஓடிப்போய் அப்பா மேல் விளக்கைப் போட்டான்.

அப்பா குனிந்து என் காலில் இருந்த சிவப்புச் செருப்பைப் பார்த்தார்.

‘அம்புட்டுப் பேரு முன்னாடி உன்னைய அடிச்சிட்டேன்ல’ என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் தலையாட்டினேன். அவர் என் கன்னத்தைத் தொட்டார், மீதி விரிப்பையும் நேராக மிதித்துக் கடந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். சம்மணம் போடச் செருப்பு இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும். தானே கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆரம்பி என்பதுபோல் கையைக் காட்டினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் திட்டப்படி அழுகை கடைசியில்தான் வர வேண்டும். நான் இன்னும் ஆடவே ஆரம்பிக்கவில்லை.