அத்தையின் எலும்பு மோதிரம்

கான்சாத் இன்னொரு குவளை சோப்புத் தண்ணீரை விரலில் ஊற்றினாள்.

“அக்கா, வேண்டாம்!” என்று சைராகுல் சொல்வதற்குள் ஊற்றியாகிவிட்டது.

கூடாரத்துக்குள், திரைக்குப் பின்னால், குளிப்பாட்டும் பலகையில் ஷார்பான் கிடந்தாள். கான்சாத்துக்கு அம்மா, சைராகுலுக்கு மாமியார். நீர் கோத்து வீங்கிய வலது கையில் அந்த மோதிரம் மட்டும் வர மறுத்தது. உடம்பில் எதையும் விட்டு மண்ணுக்கு அனுப்பக் கூடாது.

“வழுக்கிட்டு வந்துரும்னு பாத்தேன். இன்னும்ல இறுகுது?”

“உள்பக்கம் மரம், அக்கா. தண்ணி குடிச்சா ஊதிடும்.”

ஆட்டுக்கால் எலும்பை வேகவைத்து, அறுத்து, உள்ளே ஆப்ரிகாட் மரம் பதித்து சைராகுல் செய்தது. வேலையெல்லாம் முடிந்தபின் அடுப்படி ஜன்னலோரம் இப்படி எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பாள். “நாய்க்குப் போற எலும்பை எனக்கு மாட்டி விட்டிருக்கா பாருங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் ஷார்பான் புறங்கையை நீட்டிக் காட்டுவாள்.

வெளியே வழக்கப்படி கம்பூன்றி அழுதுகொண்டிருந்த ஆண்களின் குரல் அடங்கியது. இமாம் கனைத்தார்.

“முடிஞ்சுதாம்மா? லுஹர் தொழுகை நெருங்குது.”

கான்சாத் சின்ன ரம்பம் ஒன்றை நீட்டினாள். சைராகுலின் ரம்பம்தான்.

“நீ செஞ்சது. நீயே அறு.”

“தோல் ஊறிப் போயிருக்கு. பல்லு பட்டா கிழிஞ்சிடும். அத்தைக்கு வலிக்கும்.”

அதை யாரும் மறுக்கவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு பாத்மா, “மெதுவா, பொண்ணுங்களா” என்றாள்.

“அப்ப விரலை முறிக்கவா? நாலு வருஷமா சொல்றேன், அந்தக் கண்றாவியைக் கழட்டும்மான்னு. இப்ப பாரு, எங்கம்மாவைப் போக விடாம புடிச்சு வச்சிருக்கு உன் கைவேலை.” கான்சாத் ரம்பத்தை இன்னும் நெருக்கி நீட்டினாள். “நீ அறுக்கலேன்னா நான் அறுக்குறேன்.”

சைராகுல் ரம்பத்தை வாங்கிக்கொண்டாள். மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தாள். எங்கே ரம்பத்தை வைப்பது என்று மோதிரத்தைத் தடவிக்கொண்டே வந்தவளின் கட்டைவிரல், உள்ளங்கைப் பக்கம் வந்ததும் நின்றது.

அங்கே வழவழப்பு இல்லை. சொரசொரத்தது.

குனிந்தாள். எலும்பும் மரமும் எப்போதோ பிளந்துபோயிருந்தன. விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஊசிமுனை அளவுக்குத் துளைகள். சைராகுலின் துளைப்பான் இல்லாமல் அப்படிப் போட முடியாது. துளைகளுக்குக் குறுக்கே எலும்பின் நிறத்திலேயே நூல். கம்பளி விரிப்புகளில் ஓரம் சேர்க்கப் போடுகிற தையல்.

“கத்தரிக்கோல்.”

உடலைச் சுற்றும் கஃபன் துணி வெட்டிய கத்தரிக்கோலை பாத்மா எடுத்துக் கொடுத்தாள். நூல் அறுந்ததும் மோதிரம் மெல்ல வாய் திறந்தது. சோப்பு நுரையோடு வழுக்கி சைராகுலின் கையில் வந்து விழுந்தது. விரலில் ஒரு கீறல் இல்லை.

கான்சாத் எட்டிப் பார்த்தாள்.

“இது எப்ப தச்சே?”

“நான் தைக்கல, அக்கா.”

அம்மா கம்பளி விரிப்புகளுக்குப் போடுகிற அந்தத் தையலையே கான்சாத் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரம்பத்தை எடுத்துத் திரைக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

“தண்ணி ஆறுது. ஊத்து” என்றாள்.

ஈரக் கட்டைவிரலில் ஒட்டிய நூல் துண்டோடு சைராகுல் குவளையில் தண்ணீர் மொண்டாள்.