கொண்டலாத்திக்கு மூன்று

என் வீட்டுக்காரர் கண்ணாயிரத்துக்கு ஸ்டுடியோவுக்குள் படம் எடுப்பது பிடிக்காது. படுதாவில் வரைந்த அருவிக்கும் மாடிப்படிக்கும் முன்னால் ஆளை நிறுத்துவது ஏமாற்று வேலையாம். கள்ளக்குறிச்சி பூங்காவில், தூங்குமூஞ்சி மரத்தடியில், காகிதப்பூப் புதரை ஒட்டி நிறுத்தித்தான் எடுப்பார். நான் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து முகத்தில் வெளிச்சம் விழச் செய்வேன். அப்புறம் கடைக்கு வந்து இருட்டறையில் படம் கழுவுவதும் நான்தான். பூங்காவும் பெருமையும் அவருக்கு, மருந்து நாற்றம் எனக்கு.

அவருக்கு இரண்டு பழக்கம். ஒன்று, ஆளுக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கரைத்துவிடுவது. லென்சை நன்றாகத் திறந்துவைத்து எடுத்தால் முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும். மரம், பெஞ்சு, போகிற வருகிற ஆள் எல்லாம் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிப்போகும். "பின்னாடி இருக்கறது யாருன்னே தெரியக்கூடாது மணி. அதான் போட்டோ" என்று என்னிடம் சொல்வார். இன்னொன்று, வெறும் கிளிக். கூலி வேலைக்குப் போகிற சனங்கள் கேமராவைக் கண்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்துவிடுவார்கள். இவர் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு தடவை அமுக்குவார். சத்தம் கேட்டதும், முடிந்தது என்று தோளைத் தளர்த்திச் சிரிப்பார்கள். அப்போது மூடியைக் கழற்றி நிஜப் படம். கெட்டிக்காரத்தனம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று எங்கள் சாதிச் சங்கத்தார் அறிவித்திருந்தார்கள். ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்க்க என் அண்ணன் கோடாலிக்குப் புதுப் பிடி போட்டுவைத்திருந்தான். சேலத்திலிருந்து வரவேண்டிய ஃபிலிம் பார்சல் வந்து சேரவில்லை. கேமராவில் இருந்த சுருள் ஒன்றுதான் கையிருப்பு.

மறியலுக்கு முந்தின நாள் காலை பூங்காவுக்குப் போனால், புல்லில் ஒரு கொண்டலாத்திப் பறவை. கொண்டையை விரித்துக்கொண்டு மண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. இவர் மண்டி போட்டுவிட்டார்.

"பிலிமு கம்மியா இருக்குதுங்க" என்றேன்.

"இது மறுபடியும் வந்து நிக்குமா?" என்று சொல்லி மூன்று படம் எடுத்தார்.

அப்புறம் திருநாவலூர் ஆதிமூலம் வந்தார். நிலபுலன் உள்ளவர். மகள் இலக்கியாவை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டப் படம் வேண்டும். சந்தன நிறப் பட்டுப்புடவையில் அந்தப் பெண் நின்றும் உட்கார்ந்தும் பூவைப் பிடித்தும் கொடுத்த போஸில் சுருள் தீர்ந்துவிட்டது. எடுத்து முடித்த சுருளைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சிமெண்டு பெஞ்சருகே இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

கச்சிராயபாளையம் பக்கத்துப் பெரியம்மாளும் அவள் மகன் இருசப்பனும். கல்வராயன் மலையடிவாரத்தில் கரும்பு வெட்டும் குடும்பம். மறியல் முடிந்ததும் பையன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறானாம்.

"ஒத்தப் புள்ளம்மா. மூஞ்சி பாத்துக்கினு இருக்க எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள் பெரியம்மாள். அவன் கூச்சத்தோடு மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைத் தள்ளி அழைத்துப்போய்க் கிசுகிசுத்தார்: "இம்மாந்தூரம் வந்தவங்கள எப்டி மணி திருப்பி அனுப்புறது? வெறும் கிளிக் போட்டுடறேன். படம் வாங்க வர்றப்ப பிலிமுல வெளிச்சம் ஏறிக் கெட்டுப்போச்சின்னு சொல்லிட்டு, நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுத்துடலாம்."

"இல்லன்னு சொல்லிட்டா இன்னா கொறஞ்சிடும்?"

கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. அதை நல்ல குணம் என்று ஊர் சொல்லும். கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் தெரியும். பையனை மரத்தடியில் நிறுத்தினார். மோவாயைத் தொட்டுத் திருப்பினார். "சிரி தம்பி, பெங்களூரு போறவன் இப்டியா நிப்பான்" என்றார். அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. அந்தக் காலிக் கேமராவுக்கு நானும் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாளிலிருந்து ரோடெல்லாம் புளியமரம் படுத்துக் கிடந்தது. ஒரு பஸ் இல்லை. எங்கள் சனம் கேட்டது நியாயம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மறியல் எல்லாம் ஓய்ந்த பிறகு ஒருநாள் பெரியம்மாள் தனியாகக் கடைக்கு வந்தாள். படத்துக்கு வந்திருக்கிறாள் என்று இவர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"புள்ள வரலியாம்மா?"

"இல்லீங்க. பூட்டான்" என்றாள்.

கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்திருக்கிறது. கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ஒவ்வொரு மரமா ஏறி எறங்கிக்கினு வந்தோம்மா. அந்தாண்ட ஆளு நின்னு கட்டில வாங்குவாங்க. வெட்டுனவங்களே கூட ஓடியாந்து புடிச்சாங்க. ஆசுபத்திரி வாசலாண்ட வர்றப்ப ஒடம்பு சில்லுனு ஆயிப்போச்சி." சுவரில் மாட்டியிருந்த படங்களை ஏறிட்டுப் பார்த்தாள். "நாளைக்கி கருமாதி. படத்த வெச்சிதான் சோறு படைக்கணும்."

அந்த மரங்களில் என் அண்ணன் வெட்டியது எது என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

இவர் எடுத்து வருகிறேன் என்று இருட்டறைக்குள் போனவர் போனவர்தான். நான் போய்ப் பார்த்தால் முக்காலியில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"கெட்டுப்போச்சின்னு சொல்லிடு மணி. எனக்கு வாய் வரல."

"கொண்டலாத்திக்கு மூணு. மனுசனுக்கு ஒண்ணு இல்ல" என்றேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை.

அப்போதுதான் அந்த பெஞ்சு ஞாபகம் வந்தது. இலக்கியாவின் நெகட்டிவ்களை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கடைசிப் படத்தில், அவள் தோளுக்குப் பக்கத்தில், கலங்கலாக ஓர் ஆள். மார்போடு ஒரு பை.

பெரிதாக்காமல் நெகட்டிவ் அளவிலேயே ஒரு பிரதி போட்டு, ஈரத்தோடு கொண்டுபோய்ப் பெரியம்மாளிடம் நீட்டினேன். உள்ளங்கையில் அடங்கும் படம். யாரும் காட்டாமலே அவள் விரல் அங்கே போய் நின்றது.

"இவன்தான். இப்டித்தான் தோள ஒருபக்கமா சாச்சிக்கினு நிப்பான்." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மரத்துக்கிட்ட நிக்க வெச்சி எடுத்தாரே, அது?"

"அப்ப கேமராவுல பிலிமு இல்லக்கா."

"சிரிக்கச் சொன்னாரே. அவனும் சிரிச்சானே."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத்தப் பெருசு பண்ணிக் குடும்மா. மூஞ்சி தெரியட்டும்."

ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே போய், அவன் இருக்கும் இடத்தை மட்டும் ஒரு முழத் தாளில் பெரிதாக்கினேன். மருந்துத் தட்டில் தாள் மெல்லக் கறுத்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, வெறும் சாம்பல் நிறம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆசையாகக் கரைத்த பின்பக்கம் அது.

பெரியம்மாள் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பெருசு பண்ணா அவன் இல்லியேம்மா" என்று திருப்பிக் கொடுத்தாள். "அந்தச் சின்னதே குடு. அதுலதான் இருக்கறான்."

கத்தரிக்கோலை எடுத்துச் சின்னப் படத்திலிருந்து அவனை வெட்டத் தொடங்கினேன். எவ்வளவு ஒட்டி வெட்டினாலும் இலக்கியாவின் தோளும் பட்டுப்புடவையின் கரையும் ஓரத்தில் நின்றன. அதை எடுத்தால் அவன் கையும் போய்விடும்.

"அது இன்னாம்மா, பளிச்சுனு?"

"அந்தப் பொண்ணோட பொடவக்கா. மையி வெச்சி மறைச்சிக் குடுக்கறேன்."

அவள் என் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும் வுடு. பக்கத்துல யாராச்சும் இருக்கட்டும்" என்று சொல்லி, முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.