குழாய்க்காரனின் அக்கா

அக்காவுக்குப் புரையேறியது என்னால்தான். ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தபடி தாடையைத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்து, ஒரு கரண்டித் தண்ணீரை அவள் விழுங்கப்போன நேரம் பார்த்து, அவளுடைய தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு தரும் அறை வாசலில் தூங்கியவரின் குறட்டையை நடித்துக் காட்டினேன். சிரித்தாள். தண்ணீர் போகக் கூடாத வழியில் போனது. கண்கள் பிதுங்க இருமி, மூச்சு திரும்பியபோது என் சட்டைப்பை கிழிந்து அவள் கையோடு வந்திருந்தது.

அன்றிலிருந்து சாப்பிட வாயைத் திறக்கவில்லை. என்னைத் திட்ட மட்டும் திறந்தாள். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. நான் பிளம்பர். அடைப்பில்லாமல், காற்று புகாமல் சத்துப்பால் ஏற்றுவதைப் பார்த்து நர்ஸே பாராட்டினார். தலைகால் புரியவில்லை எனக்கு. ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, விழுங்கும் பயிற்சி தரும் பெண் அக்காவின் தொண்டையில் இரண்டு விரல் வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குழாய நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. தொண்டைய யாரு பாத்துக்கிறது? விழுங்காமலே விட்டா சதை இறுகிடும் சார். சிகிச்சை முடிஞ்சப்புறமும் குழாய்லதான் சாப்பாடுன்னு ஆயிடும். வலி மருந்து குடுத்துட்டு தினமும் கொஞ்சமாவது விழுங்க வைங்க."

வீட்டில் கிண்ணமும் கரண்டியுமாக அவள் எதிரில் உட்கார்ந்தேன். கோமாளித்தனத்துக்கு விடுமுறை விட்டிருந்தேன்.

"ஏன்டா, எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?" குரல் கரகரத்தது.

"சிரிச்சா உனக்குப் புரையேறும்ல."

கரண்டியைத் தள்ளி வைத்தாள்.

"என்னைப் பாத்தா பயமாக்கா? வேணா வெளிய போய் நிக்கட்டுமா?"

"பசிக்கல."

ஏன் சாப்பிடவில்லை என்று நேற்று கேட்டதற்கு "தூக்கம் வருது." அதற்கு முன்னால் "அந்த ஜன்னல சாத்து."

"நேராச் சொல்லுக்கா. ஏன் விழுங்க மாட்டேங்கிற?"

தெருவில் யாரோ கிளம்பாத வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போன பிறகு சொன்னாள்.

"புரையேறுமேன்னு பயமில்லடா. விழுங்கினா, கம்பியக் காய்ச்சி உள்ள விட்ட மாதிரி இருக்கு. வலில என் மூஞ்சி சுருங்குறதுக்குள்ள நீ ஏதாவது சொல்லி சிரிக்க வச்சுடுற. எனக்கு அழணும்டா. அழுதுகிட்டே விழுங்கிக்கிறேன். நீ சும்மா உக்காரு, போதும்."

கரண்டியை அவளே எடுத்தாள். தாடையைத் தாழ்த்தினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. தொண்டையில் அந்தச் சின்ன மேடு மெல்ல ஏறி, நின்று, இறங்கியது.