ஐறீனுக்கு வந்த அவசரம்

புதுக்கடை நீதிமன்றத்தில் றேமண்ட் பல வருடங்களாக மொழிபெயர்ப்பாளர். ஒருநாள் முகத்துவாரத்து ஐறீன் சாட்சிக்கூண்டில் கால்மாற்றி நின்று தவித்தாள்.

"ஐயா, எனக்கு அவசரம்!"

றேமண்ட் வாய்திறக்குமுன், தமிழ் தெரியாத சிங்கள நீதிபதி தலையசைத்து, "அவசரய்" என்றார். ஐறீன் கழிப்பறைக்கு ஓடினாள்.

றேமண்டுக்குப் பொறுக்கவில்லை. சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார்: "உங்கள் மொழியில் 'அவசர' என்றால் அனுமதி, கனவானே. ஆனால் அவள் அனுமதி கேட்கவில்லை, தேவையைச் சொன்னாள். மூலம் ஒரே வடசொல்தான். வடமொழியில் அதற்குத் தக்க சமயம் என்று பொருள். தமிழில் வந்து, தள்ளிப்போட முடியாத தேவையாகிவிட்டது..."

ஐறீன் திரும்பிவந்தும் விளக்கம் முடியவில்லை.

"நல்லகாலம் மாஸ்டர், நீங்க முதல்ல கதைக்கேல்ல!" என்றாள் றேமண்டிடம். தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்ன சொன்னாள்?" என்றார் நீதிபதி. றேமண்ட் முகம் சிவக்க அதையும் மொழிபெயர்த்தார்.