முப்பத்தொன்றாம் கேள்வி

புற்றுநோய்க்குப் பிறகு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பல நாடுகளில் விசாரிக்கும் ஆய்வு அது. கொரியாவில், தேகு நகரத்துக்கு ஹேரிம் பொறுப்பு. ஐந்து வருடங்களுக்கு முன் புற்றுநோயால் இரைப்பையில் முக்கால் பங்கு அறுத்தெடுக்கப்பட்ட பேருந்து ஓட்டுநர் தொக்சுவின் வீட்டுக்கு அன்று கேள்வித்தாளோடு போயிருந்தாள். கேள்விகள் அவருக்கு, பதில் சொன்னதெல்லாம் அவர் மனைவி மல்சுன்.

“சாப்பாட்டுல சிரமம் ஏதாவது உண்டா, ஐயா?”

“அவருக்கென்னம்மா சிரமம்? ஒரு நாளைக்கு ஆறு வேளை கஞ்சி. சிரமமெல்லாம் கிண்டுறவளுக்குத்தான்.”

முப்பத்தொன்றாம் கேள்வி வந்தது. “உங்க பயத்தை வீட்டுல மறைச்சீங்களா?”

“பயமா? எனக்கா?” தொக்சு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பெரிய வீரர்தான்! ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசுல, காரைத் துடைக்கிறேன்னு கீழே போய், உள்ளே உட்கார்ந்து அழுதுட்டு வருவாரு. கார் அப்படியே அழுக்கா நிக்கும்.”

தொக்சுவின் காதுகள் சிவந்துவிட்டன. “தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா நானும் உங்க முன்னாடி அழுதிருப்பேன். நான் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் அழுவேன்.”

“அடிப்பாவி! குழாய் ஒழுகுதுன்னு மூணு தடவை வாஷர் மாத்தினேனே!”

“மாத்தி, இறுக்கியும் வச்சீங்க. திறக்கவே முடியல. அதோட அழறதையே விட்டுட்டேன்.”

இருவரும் சிரித்த சிரிப்பில் தொக்சுவுக்குப் புரையேறியது. மல்சுன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டிலும் டிக் போட மனமில்லாமல், ஹேரிம் தாளின் ஓரத்தில் எழுதத் தொடங்கினாள்.

“வாஷரையும் சேர்த்து எழுதும்மா,” என்றாள் மல்சுன். “மத்த நாட்டுப் புருஷன்மாரும் தெரிஞ்சுக்கட்டும்.”